ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: லண்டன் பூங்காப் பாலம் எழுப்பிய கேள்விகள்

ஒரு பாலத்துக்காக 53.5 மில்லியன் பவுண்டு செலவாகியிருக்கிறது. அதில் 43 மில்லியன் பவுண்டு மக்களின் வரிப்பணம். ஆனால், பாலம் எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தூண்கூட இல்லை. ஆற்றில் ஒரு கல்லும் போடப்படவில்லை, கரையில் ஒரு செடியும் நடப்படவில்லை.

நிர்வாகத் திறமைக்குப் பேர்போன லண்டன் மாநகரில்தான் இது நடந்தது. தேம்ஸ் நதியின் மேல் மரங்களும் பூச்செடிகளும் நிறைந்த ஒரு நடைபாலம் கட்டுவது என்று முடிவாகி, ஐந்தாண்டு காலம் ஊரே இரண்டுபட்டு வாதாடி, கடைசியில் 2017 ஆகஸ்டில் திட்டமே கைவிடப்பட்டது.

அழகான ஒரு யோசனைக்கு எத்தனை பேர் கைதட்டினாலும், கணக்குப் பார்க்கும் கட்டம் வந்தால் என்ன ஆகிறது? பொதுப்பணத்தில் எழும் ஒரு கட்டுமானம் யாருக்குச் சொந்தம்? வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டியவர் யார்? ஒரு நகரத்தின் கதைதான் என்றாலும், வரி கட்டும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

மலாயாவில் வளர்ந்தவரின் கனவு

இந்தக் கனவுக்குச் சொந்தக்காரர் பிரிட்டிஷ் நடிகை ஜோனா லம்லி. 1946ஆம் ஆண்டு காஷ்மீரின் ஸ்ரீநகரில் பிறந்தவர். தந்தை கூர்க்கா படைப்பிரிவில் அதிகாரி. அதனால் சிறு வயதில் சில ஆண்டுகள் மலாயாவிலும் வாழ்ந்தவர் என்பது நம் நேயர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஓய்வுபெற்ற கூர்க்கா வீரர்கள் பிரிட்டனில் குடியிருக்கும் உரிமைக்காக 2008, 2009ஆம் ஆண்டுகளில் போராடி வெற்றி கண்டவரும் இவர்தான். ஒரு காரியத்தைக் கையிலெடுத்தால் எளிதில் விடமாட்டார் என்ற பெயர் அவருக்கு உண்டு.

இளவரசி டயானா 1997ஆம் ஆண்டு மறைந்தபோது, அவர் நினைவாகத் தேம்ஸ் நதியின் மேல் ஒரு தோட்டப் பாலம் அமைக்கலாம் என்ற எண்ணம் லம்லிக்குத் தோன்றியது. அப்போது அது கைகூடவில்லை. 2012ஆம் ஆண்டு போரிஸ் ஜான்சன் இரண்டாம் முறையாக லண்டன் மேயர் ஆனதும், லம்லி அவருக்குக் கடிதம் எழுதினார். மேயருக்கு யோசனை பிடித்துப் போயிற்று. பிள்ளையார் சுழி அங்கேதான் போடப்பட்டது.

வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக். 2012 லண்டன் ஒலிம்பிக் தீபக் கொப்பரையை வடிவமைத்து உலகப் புகழ் பெற்றவர். நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தேன்கூடு போல அடுக்கடுக்காக நிற்கும் கட்டடமும் அவரது நிறுவனத்தின் கைவண்ணம்தான். தோட்டத்துக்கு டான் பியர்சன், பொறியியலுக்கு ஆரூப் நிறுவனம் என்று கூட்டணியும் பலமாகவே அமைந்தது.

எப்படி இருந்திருக்கும் அந்தப் பாலம்?

வாட்டர்லூ பாலத்துக்கும் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கும் இடையில், வடகரையில் டெம்பிள் ரயில் நிலையத்தின் கூரையிலிருந்து தென்கரையின் சவுத் பேங்க் பகுதிக்குச் செல்லும் பாதை. நீளம் 366 மீட்டர். அகலமான இடத்தில் 30 மீட்டர். ஆற்றின் நடுவே இரண்டு பெரிய தூண்கள், பூந்தொட்டிகளைப் போல மேல்நோக்கி விரிந்து நிற்கும். அவற்றின் மேல் 270 மரங்களும் பல்லாயிரக்கணக்கான செடி கொடிகளும். கீழ்ப்பகுதி முழுவதும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தால் போர்த்தப்படும்.

பாலத்தில் வாகனம் கிடையாது. சைக்கிள் ஓட்டவும் அனுமதியில்லை, தள்ளிக்கொண்டுதான் போகலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 7 மில்லியன் பேர் வருவார்கள் என்று கணக்கிடப்பட்டது.

கணினியில் வரைந்த படங்கள் பத்திரிகைகளில் வெளியானபோது பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள் என்றால் அது மிகையில்லை. பரபரப்பான மாநகரின் நடுவில், நதிக்கு மேல், மரநிழலில் ஒரு நடை. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆதரித்தவர்கள் சொன்னது என்ன?

இந்தப் பாலத்தை ஆதரித்தவர்கள் வெறும் அழகை மட்டும் பேசவில்லை. அவர்கள் தரப்பிலும் நியாயங்கள் இருந்தன.

முதலாவது, பெரிய நகரங்கள் துணிச்சலான காரியங்களைச் செய்துதான் பெரிய நகரங்களாகின்றன என்பது. பழைய சரக்கு ரயில் பாதையைப் பூங்காவாக மாற்றி 2009ஆம் ஆண்டு நியூயார்க் திறந்த ஹை லைன், சுற்றுப்பயணிகளை அள்ளிக்கொண்டு வந்தது. லண்டனுக்கும் அப்படி ஒன்று வேண்டாமா என்று அவர்கள் கேட்டார்கள்.

இரண்டாவது, தொடக்கத்தில் கேலி செய்யப்பட்டவை பின்னாளில் கொண்டாடப்பட்ட கதை லண்டனிலேயே உண்டு. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட மில்லேனியம் நடைபாலம், மக்கள் நடந்தபோது ஆடத் தொடங்கியதால் இரண்டே நாளில் மூடப்பட்டது. ஊர் சிரித்தது. பழுது பார்த்து 2002ஆம் ஆண்டு மீண்டும் திறந்தார்கள். இன்று அந்தப் பாலமில்லாத லண்டனை நினைத்துப் பார்க்க முடியாது. எனவே, எதிர்ப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்பது அவர்கள் வாதம்.

மூன்றாவது வாதம்தான் மிக முக்கியமானது. பாலத்தின் செலவைத் தனியார் நன்கொடையாளர்களே ஏற்பார்கள், மக்களுக்கு இது ஒரு பரிசு என்று ஆரம்பத்தில் சொல்லப்பட்டது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்களே, அந்தக் கதைதான். இலவசமாக வருவதைக் குறை சொல்வானேன் என்று பலரும் நினைத்தார்கள்.

எதிர்த்தவர்கள் கேட்டது என்ன?

எதிர்ப்பு முதலில் கிளம்பியது பாலம் வந்து இறங்கும் இடத்தில் வாழ்ந்தவர்களிடமிருந்து. தென்கரையில் புல்வெளியும் மரங்களுமாக இருக்கும் ஒரு திறந்தவெளியில்தான் பாலத்தின் தெற்கு முனை அமைய இருந்தது. அதற்காக வளர்ந்த மரங்கள் சுமார் 30 வெட்டப்பட வேண்டும். தோட்டம் அமைப்பதற்காகத் தோட்டத்தை அழிப்பதா என்று அவர்கள் கேட்டார்கள். ஏற்கெனவே கூட்டம் நிரம்பி வழியும் நதிக்கரையில் மேலும் பல லட்சம் பேர் வந்து குவிந்தால், குடியிருப்பவர்கள் கதி என்ன என்றும் கேட்டார்கள்.

அடுத்தது, பார்வை மறைக்கப்படும் பிரச்சினை. வாட்டர்லூ பாலத்தில் நின்று பார்த்தால் செயின்ட் பால் தேவாலயத்தின் கோபுரமும் நகரின் பழைய பகுதியும் விரிந்து தெரியும். டிக்கெட் இல்லாமல் ஏழையும் பணக்காரரும் ஒன்றாக ரசிக்கும் காட்சி அது. அதன் குறுக்கே மரங்களை நிறுத்துவது அழகைக் கூட்டுவதா, குறைப்பதா?

மூன்றாவது கேள்வி, இடம் பற்றியது. லண்டனின் மையப் பகுதியில் நடந்து கடக்கப் பாலங்களுக்குப் பஞ்சமில்லை. வாட்டர்லூ பாலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால், டவர் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் மாநகர எல்லைக்குள் நடந்து கடக்க ஒரு பாலம்கூட இல்லை. கிரீனிச்சில் 1902ஆம் ஆண்டும் வுல்விச்சில் 1912ஆம் ஆண்டும் திறக்கப்பட்ட நடை சுரங்கங்களையும் படகுகளையும்தான் மக்கள் நம்பியிருக்கிறார்கள். பாலம் தேவைப்படும் இடம் ஒன்று, பாலம் கட்டும் இடம் வேறு என்ற இந்த வாதம், கேட்டவர்களை யோசிக்க வைத்தது.

நான்காவது, இது பொதுவழியா, தனியார் தோட்டமா என்ற சந்தேகம். பாலம் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மூடப்படும். நிதி திரட்டும் விருந்து நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கு 12 நாள் வரை பொதுமக்களுக்குக் கதவடைக்கப்படலாம். சட்டப்படி அது பொதுவழியாகவும் இருக்காது. வாயில் வைத்துப் பூட்டும் ஒன்றைப் பாலம் என்று சொல்லிப் போக்குவரத்துப் பணத்தைக் கேட்பது எப்படிச் சரியாகும் என்று எதிர்ப்பாளர்கள் மடக்கினார்கள்.

60 மில்லியன் 200 மில்லியன் ஆன கதை

தொடக்கத்தில் பேசப்பட்ட செலவு 60 மில்லியன் பவுண்டு. 2014ஆம் ஆண்டு அது 175 மில்லியனாக உயர்ந்தது. 2017ஆம் ஆண்டுவாக்கில் 200 மில்லியனைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டது. மீட்டர் கணக்கில் பார்த்தால், ஒவ்வொரு மீட்டருக்கும் 5 லட்சம் பவுண்டுக்கு மேல்!

தனியார் பரிசு என்ற பேச்சும் அப்படியே நிற்கவில்லை. 2013ஆம் ஆண்டு நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் அரசாங்கத்தின் பங்காக 30 மில்லியன் பவுண்டு தருவதாக அறிவித்தார். லண்டன் போக்குவரத்துக் கழகம் இன்னொரு 30 மில்லியன் தர வேண்டும் என்று ஏற்பாடானது. ஆக, ஆரம்பத்தில் முழுப் பாலத்துக்கும் சொல்லப்பட்ட 60 மில்லியனும் இப்போது பொதுப்பணமாகவே வந்து நின்றது. மீதிக்குத்தான் நன்கொடை!

2015ஆம் ஆண்டு, தென்கரை நிலத்தின் உரிமையாளரான லேம்பத் நகராண்மைக் கழகம் பேச்சுவார்த்தையை நிறுத்தி வைத்து, போக்குவரத்துக் கழகத்தின் பங்கைக் குறைக்க வேண்டும் என்று கேட்டது. அதன் பிறகு அந்த 30 மில்லியனில் 20 மில்லியன், நீண்டகாலத்தில் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாக மாற்றப்பட்டது. கடன் வாங்கியவர் திருப்பித் தரும் நிலையில் இருந்தால்தானே அது கடன்? பாலமே எழாவிட்டால் யார் தருவது? அந்தக் கேள்விக்கு அப்போது யாரும் பதில் தேடவில்லை.

கட்டும் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். யானையை வாங்குவதைவிட யானைக்குத் தீனி போடுவதுதான் கடினம். மரங்களைப் பராமரிக்க, காவலர்களை அமர்த்த, சுத்தம் செய்ய என்று ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மில்லியன் பவுண்டு தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். அந்தப் பணம் திரளாவிட்டால் மாநகர நிர்வாகம் பிணை நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது, பரிசு தருபவர் கை கழுவினால் பரிசு வாங்கியவர் காலமெல்லாம் தீனி போட வேண்டும்.

குத்தகையில் விழுந்த நிழல்

பணத்தைவிட அதிகமாக ஊரைக் கொதிக்க வைத்தது, வடிவமைப்பாளரைத் தேர்ந்தெடுத்த முறை.

2013 பிப்ரவரியில் லண்டன் போக்குவரத்துக் கழகம் மூன்று நிறுவனங்களை அழைத்தது. கேட்கப்பட்டது தோட்டப் பாலம் அல்ல. டெம்பிளையும் சவுத் பேங்க்கையும் இணைக்கும் நடைபாலத்துக்கு வடிவமைப்பு ஆலோசனை மட்டுமே. அழைக்கப்பட்ட மூன்றில் ஒன்று ஹெதர்விக் நிறுவனம். மற்றவை வில்கின்சன் அயர், மார்க்ஸ் பார்ஃபீல்ட். வில்கின்சன் அயர் நிறுவனம் கேட்ஸ்ஹெட் நகரின் புகழ்பெற்ற சாயும் நடைபாலத்தை வடிவமைத்தது. மார்க்ஸ் பார்ஃபீல்ட், லண்டன் ஐ இராட்டினத்தை உருவாக்கியது. ஆனால், அனுபவம் என்ற பிரிவிலும் ஹெதர்விக்குக்கே கூடுதல் புள்ளி கிடைத்தது! குத்தகையும் அவருக்கே போனது.

இதில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. இந்தத் தேர்வு முடிவதற்கு முன்பே, அதே பிப்ரவரியில், மேயர் ஜான்சன் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்குப் பறந்து ஆப்பிள் நிறுவனத்திடம் நன்கொடை கேட்டிருக்கிறார். அந்தப் பயணத்தில் ஹெதர்விக்கும் இருந்தார். பரீட்சை நடப்பதற்கு முன்பே முதல் மாணவர் யார் என்று தலைமையாசிரியருக்குத் தெரிந்திருந்தால், மற்ற மாணவர்கள் எதற்காக எழுத வேண்டும்?

இந்த விவகாரத்தைக் கட்டடக்கலைப் பத்திரிகையாளர்களும் லண்டன் பேரவை உறுப்பினர்களும் விடாமல் தோண்டினார்கள். போக்குவரத்துக் கழகத்தின் உள் கணக்காய்விலேயே குறைகள் தென்பட்டன. 2016 மார்ச்சில் பேரவையின் மேற்பார்வைக் குழுவும் தேர்வு முறையைக் கடுமையாகக் குறை கூறியது.

நிலம் கைக்கு வரும் முன்பே கையெழுத்து

பாலத்தைக் கட்டி நடத்துவதற்காக 2013ஆம் ஆண்டு பூங்காப் பால அறவாரியம் உருவானது. வங்கித் துறையில் பேர் பெற்றவரும் முன்னாள் அமைச்சருமான மெர்வின் டேவிஸ் பிரபு அதன் தலைவர். 2014 இறுதியில் லேம்பத், வெஸ்ட்மின்ஸ்டர் ஆகிய இரு நகராண்மைக் கழகங்களும் திட்ட அனுமதி தந்தன. ஆனால், அனுமதியோடு ஒரு நீண்ட நிபந்தனைப் பட்டியலும் வந்தது.

தென்கரை நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த சமூக அமைப்புடன் உடன்பாடு முடியவில்லை. நன்கொடையும் முழுமையாகத் திரளவில்லை. இந்த நிலையில் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறவாரியம் கட்டுமானக் குத்தகையில் கையெழுத்திட்டுவிட்டது. மனை நம் பெயருக்கு வரும் முன்பே மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்து வீடு கட்டச் சொல்வதற்கு ஒப்பான காரியம் இது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியது என்பது இங்கே பழமொழி மட்டுமல்ல, அப்படியே நடந்த உண்மை.

பொதுப்பணத்தைக் காப்பதற்காக மானிய ஒப்பந்தத்தில் சில நிபந்தனைகள் இருந்தன. பராமரிப்புக்கான பணம் உறுதியான பிறகே கட்டுமானப் பணம் வெளியாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஜான்சன் தம் மேயர் பதவிக் காலம் முடியும் தறுவாயில், 2016 ஏப்ரலில், அந்த நிபந்தனையைத் தளர்த்தினார். பணம் இருக்க வேண்டும் என்பது, பணம் திரட்டத் திட்டம் இருந்தால் போதும் என்று மாறியது.

மத்திய அரசாங்கத்திலும் இதே நிலைதான். செலவிட்ட பணத்துக்கேற்ற பலன் கிடைக்காமல் போகும் அபாயம் கணிசமாக உள்ளது என்று போக்குவரத்து அமைச்சின் அதிகாரிகளே கருதினார்கள். கட்டுமானத்துக்கு முன்பு செலவிடக்கூடிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. அது ஒரு முறையல்ல, பல முறை உயர்த்தப்பட்டது. 2016 மே மாதம் அதிகாரிகளின் ஆலோசனையை மீறி, அமைச்சர் எழுத்துபூர்வ உத்தரவு தந்து பிணையை நீட்டித்தார். தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இவற்றையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது.

ஹாட்ஜ் அறிக்கை

2016 மே மாதம் லண்டனுக்குப் புதிய மேயராக சாதிக் கான் வந்தார். ஆரம்பத்தில் அவரும் திட்டத்தை நிறுத்தவில்லை. இவ்வளவு செலவான பிறகு நிறுத்தினால் நட்டம்தான் அதிகம் என்பது அவரது கணக்கு. சந்தேகங்கள் வலுக்கவே, நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் முன்னாள் தலைவரான மார்கரெட் ஹாட்ஜ் அம்மையாரை ஆய்வு செய்யச் சொன்னார். ஹாட்ஜும் மேயரும் ஒரே தொழிற்கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பதை விமர்சகர்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை. ஹாட்ஜின் ஆய்வுக்கு ஜான்சன் ஒத்துழைக்கவில்லை.

2017 ஏப்ரல் 7ஆம் தேதி அறிக்கை வெளியானது. வடிவமைப்பாளர் தேர்வு வெளிப்படையாகவோ நியாயமாகவோ நடக்கவில்லை. திட்டத்தின் பயன் பற்றிய கணக்கு பலவீனமானது. நன்கொடையில் குறைந்தது 70 மில்லியன் பவுண்டு துண்டு விழுகிறது. செலவு 200 மில்லியனைத் தாண்டும். எனவே, இருக்கும் நட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே நலம். இதுதான் அறிக்கையின் சாரம்.

அறிக்கை கையில் கிடைத்த அதே மாத இறுதியில், பராமரிப்புக்கு மாநகரம் பிணை நிற்காது என்று சாதிக் கான் எழுதிவிட்டார். பிணை இல்லையென்றால் அனுமதி நிபந்தனை நிறைவேறாது. நிபந்தனை நிறைவேறாவிட்டால் பாலம் இல்லை. 2017 ஆகஸ்ட் 14ஆம் தேதி அறவாரியம் திட்டத்தைக் கைவிட்டது.

ஆதரவாளர்கள் இன்றும் இதை ஏற்பதில்லை. அனுமதி கிடைத்த, பாதிக் கிணறு தாண்டிய ஒரு திட்டத்தைப் புதிய மேயர் நிறுத்தியதால்தான் பணம் வீணானது என்பது அவர்கள் வாதம். 2018 மார்ச்சில் லண்டன் பேரவை முன் தோன்றிய ஜான்சனும் அதையே சொன்னார். ஆனால், பாதிக் கிணறு தாண்டியதாகச் சொல்லப்பட்டபோது தென்கரை நிலமும் கையில் இல்லை, 70 மில்லியன் பவுண்டும் கையில் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

காகிதத்தில் கரைந்த பணம்

கட்டாத பாலத்துக்கு 53.5 மில்லியன் எப்படிச் செலவானது? 2019 பிப்ரவரியில் லண்டன் போக்குவரத்துக் கழகம் கணக்கை வெளியிட்டது. கட்டுமானக் குத்தகையாளருக்கு மட்டும் 21.4 மில்லியன். வரைபடம், பொறியியல் ஆய்வு, சட்ட ஆலோசனை என்று மேலும் பல மில்லியன். அறவாரிய நிர்வாகிகளின் சம்பளம் 1.7 மில்லியன். நிதி திரட்டும் விருந்து நிகழ்ச்சி ஒன்றுக்கு 417,000 பவுண்டு. இணையத்தளம் அமைக்க 161,000 பவுண்டு.

பொதுப்பணம் 43 மில்லியனை 366 மீட்டருக்கு வகுத்தால், இல்லாத பாலத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 117,000 பவுண்டு வருகிறது.

ஒன்றை இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். யாரும் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டதாக எந்த விசாரணையும் கூறவில்லை. அறப்பணிகளைக் கண்காணிக்கும் ஆணையமும் 2017ஆம் ஆண்டு அறவாரியத்தில் நிதி முறைகேடு இல்லை என்றே சொன்னது. பிறகு 2019ஆம் ஆண்டு, இவ்வளவு பணம் செலவாகியும் மக்களுக்குப் பலன் கிடைக்காதது அறப்பணிகளின் மீதுள்ள நம்பிக்கையைப் பாதிக்கும் என்று கவலை தெரிவித்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: திருடன் இல்லாமலேயே கஜானா காலியாக முடியும். ஒவ்வொருவரும் தம் கட்டத்தில் ஒரு சின்ன விதியைத் தளர்த்தினால் போதும்.

வேறு வழி இருந்ததா?

இருந்தது. அதுவும் அதே லண்டனிலேயே. லண்டன் பாலம், டவர் பாலம், சதர்க், பிளாக்ஃபிரையர்ஸ், மில்லேனியம் ஆகிய ஐந்து பாலங்களைப் பராமரிப்பது 1282ஆம் ஆண்டிலிருந்து வரும் ஒரு பழைமையான அறவாரியம். இப்போது அதன் பெயர் சிட்டி பிரிட்ஜ் ஃபவுண்டேஷன். பல நூற்றாண்டுகளாகச் சேர்த்த நிலம், முதலீடு ஆகியவற்றின் வருமானத்தில் அந்தப் பாலங்களைக் காக்கிறது. அதற்கு வரிப்பணம் தேவையில்லை. முதலில் சொத்து, பிறகு பொறுப்பு. பூங்காப் பாலத்தில் முதலில் பொறுப்பு, சொத்து பிறகு என்று வரிசை தலைகீழானது.

இன்னொரு உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. அதே ஹெதர்விக் வடிவமைத்து, ஹட்சன் நதியில் தொட்டி போன்ற தூண்களின் மேல் எழுந்த லிட்டில் ஐலண்ட் பூங்கா 2021ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. அதற்கும் எதிர்ப்பு வந்தது, வழக்குகள் வந்தன. 2017ஆம் ஆண்டு ஒரு கட்டத்தில் கைவிடப்பட்டு மீண்டும் உயிர் பெற்றது. ஆனால், கட்டுமானச் செலவின் பெரும்பகுதியைக் கோடீஸ்வரர் பேரி டில்லரின் குடும்ப அறவாரியம் ஏற்றுக்கொண்டது. அடுத்த 20 ஆண்டுப் பராமரிப்புக்கும் அதுவே உறுதி தந்தது. வடிவமைப்பாளர் ஒருவரே, நதியின் மேல் தோட்டம் என்ற யோசனையும் ஒன்றே. வேறுபட்டது பணப்பை மட்டும்தான்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

நடைபாலம் கட்டுவது தவறு என்று இந்தக் கதையைப் புரிந்துகொள்ளக் கூடாது. 2020ஆம் ஆண்டு கோலாலம்பூரில் திறக்கப்பட்ட சலோமா பாலத்தைப் பாருங்கள். இரவில் வண்ண விளக்குகளோடு படம் எடுக்க அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மக்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கம்போங் பாருவிலிருந்து ஆற்றையும் நெடுஞ்சாலையையும் தாண்டி இரட்டைக் கோபுரப் பக்கம் நடந்து போக அது வழி தருகிறது. அழகும் பயனும் ஒன்றாக இருக்க முடியும்.

எந்த ஊரானாலும் சரி, பெரிய திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது மக்கள் கேட்க வேண்டியவை ஐந்து. இது யாருடைய தேவை, அந்தத் தேவை இருக்கும் இடத்தில்தான் இது கட்டப்படுகிறதா? நன்கொடை என்றால், பணம் வங்கியில் இருக்கிறதா, வாக்குறுதியில் இருக்கிறதா? குத்தகை எல்லாருக்கும் திறந்திருந்ததா? கட்டிய பிறகு ஆண்டுதோறும் யார் செலவு செய்வது? திட்டம் நின்றுபோனால் அதுவரை ஆன செலவு யார் தலையில் விழும்?

இந்தக் கேள்விகள் எல்லாமே 2014ஆம் ஆண்டிலேயே லண்டனில் கேட்கப்பட்டவைதான். கேட்டவர்கள் பெரும்பாலும் தென்கரைக் குடியிருப்பாளர்களும் சில பத்திரிகையாளர்களும் ஒரு சில பேரவை உறுப்பினர்களும். நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்று அன்று அவர்கள் மீது பழி வந்தது. அவர்களுக்கு மூன்று ஆண்டு முன்னதாகவே பதில் கிடைத்திருந்தால், 43 மில்லியனில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வைத்தார்கள். தேம்ஸ் நதியில் போட்ட பணத்தை லண்டன் அளந்தது உண்மை. ஆனால், போட்டு முடித்த பிறகுதான் அளந்தது.